கட்டட வேலையில் மூத்த மேஸ்திரிக்கு ஒரு முறை, இளைஞருக்கு வேறு முறையா?

பாளைப் பொறியாளர்:
பாளையங்கோட்டையில் ஒரு வீட்டின் மேல்தளக் கான்கிரீட் அன்று, கலவை இறுகலாக இருக்கிறதென்று 60 வயது மேஸ்திரி கூடுதலாக ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னார். 28 வயதான நான் சித்தாள்கள் முன்னிலையிலேயே தடுத்தேன். மறுநாள் முதல் அவர் வரவில்லை. வயதறிந்து நடத்த வேண்டும் என்கிறார்கள். தண்ணீர் கூடினால் வலு குறையும் என்பது எந்த வயதுக்காரருக்கும் ஒன்றுதானே?

வள்ளியூர் ஒப்பந்தக்காரர்:
விதி ஒன்றுதான், தம்பி. சொல்லும் இடம்தான் வேறு. தாம் சேர்த்த ஆட்களின் முன்னால் தடுக்கப்பட்ட மேஸ்திரியின் காதில் விழுவது நீர்–சிமெண்ட் விகிதம் அன்று, அவமதிப்பு. இளைஞரிடம் காரணத்தை விளக்கினால் போதும். பெரியவரிடம் முந்தைய மாலையே, "அண்ணாச்சி, நாளைக்கு மூட்டைக்கு இவ்வளவு தண்ணீர்தான்" என்று கலந்து பேசிவிட்டால், அந்த அளவை அவரே காப்பார்.

பாளைப் பொறியாளர்:
முன்கூட்டிப் பேசாதது என் குறை, அண்ணாச்சி. ஆனால் வாளி சாயும் நேரத்தில் ஓரமாக அழைத்துப் பேச முடியுமா? மரியாதைக்காக விட்ட தண்ணீரை 28ஆம் நாள் கியூப் சோதனை (அதே கலவையில் வார்த்த கனசதுரக் கட்டியை நசுக்கி வலு பார்ப்பது) காட்டிக்கொடுத்துவிடும். "அவருக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒன்றா?" என்று இளைஞர்களும் கேட்பார்கள்.

அம்பை மேஸ்திரி மகன்:
இருவருமே வயதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். என் தந்தையும் தண்ணீர் சேர்ப்பவர்தான், அறியாமையால் அன்று. இறுகிய கலவை கம்பிகளுக்கிடையே இறங்க வைப்ரேட்டர் என்னும் அதிர்வுக் கருவி வேண்டும். சதுர அடிக் கூலி பேசி, அதன் வாடகையைத் தர மறுத்து, இருட்டுமுன் முடிக்கச் சொல்பவர் ஒப்பந்தக்காரர். அதே தந்தை, கான்கிரீட் போட்ட தளத்தின் மேல் பாத்தி கட்டி நீர் நிறுத்துவதில் ஒரு நாளும் தவறியதில்லை. பிபிசி (போர்ட்லாண்ட் பொசோலானா) என்னும் கலப்புச் சிமெண்டுக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 குறைந்தது 10 நாள் நீராற்றல், அதாவது ஈரம் காயாமல் வைத்திருப்பது, கேட்கிறது. ஏழாம் நாளே பாத்தியை உடைக்கச் சொன்னவர், படித்த இளம் மேற்பார்வையாளர். அவரை எந்த முறையில் திருத்துவது?

வள்ளியூர் ஒப்பந்தக்காரர்:
வாடகை விஷயத்தில் குற்றம் என்னைப் போன்றவர்களுடையது, மறுக்கவில்லை. ஆயினும் பாளைத் தம்பி அந்த மேஸ்திரியை வீடு தேடிப் போய் அழைக்க வேண்டும், தொலைபேசி போதாது.

பாளைப் பொறியாளர்:
ஞாயிற்றுக்கிழமை போகிறேன். தடுத்ததற்கு வருத்தம் தெரிவிக்க மாட்டேன். சித்தாள்கள் முன் தடுத்ததற்குத் தெரிவிப்பேன். மேல்தளத்தைத் தாங்கும் சுவர்களுக்கிடையே 16 அடி அகலம் என்பதால், அடியில் கொடுத்த முட்டுகளை 14 நாளுக்கு முன் பிரிக்கக் கூடாது. பிரிக்கும் நாளில் அவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.