கேம் ஓஎஸ்டி: இரண்டாவது சுற்றை வெட்டலாமா, முழுசாகத்தான் கேட்க வேணுமா?

எட்டுத்தடம் | வெள்ளவத்தை | இரவு 8.40

ஓஎஸ்டி (கேமின் இசை அல்பம்) சுருக்கும் இழையில் ஒருவர், ஃபைனல் ஃபேன்டசி 7 கேமின் அல்பத்தில் எல்லாத் தடத்திலும், அதே இசை திரும்ப ஓடும் இரண்டாவது சுற்றை வெட்டிவிட்டு, பிடித்ததை மட்டும் பொறுக்கி ஷஃபிளில் போடுங்கள் என்று எழுதியிருந்தார். கனபேர் விருப்பக்குறியும் போட்டிருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அங்கே கதைத்தால் இழை திசைமாறும், ஆகவே இங்கே.

1997இல் வந்த அந்த அல்பம் 4 வட்டு, 85 தடம், நான்கரை மணித்தியாலத்துக்கு மேல். தடங்கள் பெரும்பாலும் கேமில் வரும் ஒழுங்கில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. முதல் வட்டிலேயே தேவாலயத்தில் பூ பூத்திருக்கும் இடத்துக்கான தடம் வருகிறது. மெல்லிய, சின்னத் தடம். அது யாருடைய மெட்டு என்று அங்கே சொல்லப்படுவதில்லை. கனதூரம் தள்ளி, கேமின் நாயகி ஏரித்தின் தடம் அதே மெட்டை முழுசாக விரிக்கும்போதுதான் காது பின்னால் ஓடிப்போய் அந்தத் தேவாலயத்தைப் பிடிக்கும். இசையமைப்பாளர் உவமட்சு நொபுவோ விதைத்ததும் அறுத்ததும் இந்த ஒழுங்கில்தான். ஷஃபிளில் அறுவடை முதலில் வரும், விதைப்பு பிறகு வரும்.

கத்தரிக்கோல் | கொட்டாஞ்சேனை | இரவு 9.05

அந்த "ஒருவர்" நான்தான் அண்ணை.

ஷஃபிள் விசயத்தில நீங்கள் சொல்லுறது சரி, அதை வாபஸ் வாங்குறன். ஆனா இரண்டாவது சுற்றை விடமாட்டன். கேம் இசைக்கு முடிவு கிடையாது. ஊருக்குள்ள நிக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப ஓடும். அல்பத்துக்கு ஒரு முடிவு வேணும் எண்டதால, இரண்டு சுற்று ஓடவிட்டு, மூன்றாவது தொடங்கேக்க சத்தத்தைக் குறைச்சு அணைக்கிறது வழக்கமாப் போச்சு. வழக்கம் எண்டதைத் தவிர அதில வேற கலை இல்லை. கேம் பெட்டியின்ர ஒலிச் சிப்பில இருந்து வாற இசை எண்டா இரண்டாவது சுற்று முதலாவதின்ர அச்சுப்பிரதி. கச்சேரியில பல்லவியைத் திருப்பிப் பாடுறவர் ஒவ்வொரு தடவையும் ஒரு சங்கதி கூட்டுவார். சிப் கூட்டாது.

எட்டுத்தடம் | வெள்ளவத்தை | இரவு 9.21

சங்கதி சொன்னீர்கள் தம்பி, சுருதிப்பெட்டியை மறந்துவிட்டீர்கள். அது திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்கிறது என்று ஆராவது எழும்பிப் போகிறார்களா? ஊர்த் தடம், உலக வரைபடத் தடம் எல்லாம் அந்த வேலையைத்தான் செய்கின்றன. முதல் சுற்றில் காது மெட்டோடு போகும். மெட்டுப் பழகிய பிறகு, இரண்டாவது சுற்றில்தான் அடியில் ஓடும் பாஸையும் நடுக்குரலையும் கவனிக்க இடம் கிடைக்கும். தடம் மாறவில்லை, ஆனால் கேட்கிற காது மாறிவிடுகிறது.

இன்னொன்று, சுற்று முடிந்து தொடங்கும் அந்த மூட்டு. கடைசி இரண்டு பாரில் (தாளக் கட்டில்) எந்தக் கோர்டை வைத்தால் முதல் பாருக்குள் வழுக்கி விழலாம் என்பதுதான் இப்படி எழுதுவதில் உள்ள பெரிய சிரமம். வெட்டினால் அது போய்விடும்.

கத்தரிக்கோல் | கொட்டாஞ்சேனை | இரவு 9.30

தம்பி இல்லை, தங்கச்சி.

மூட்டு போகாது. நான் வெட்டுற முறையில அது அப்படியே இருக்கும். தடத்தின்ர அமைப்பு இதுதான்: முன்னுரை, சுற்று 1, சுற்று 2, பிறகு சுற்று 3இன் தொடக்கம் (அணையிற பகுதி). நான் எடுக்கிறது சுற்று 2 தொடங்கிற புள்ளியில இருந்து சுற்று 3 தொடங்கிற புள்ளி வரைக்கும். மிச்சம் முன்னுரை, சுற்று 1, அணையிற பகுதி. மூட்டு ஒரு தடவை முழுச் சத்தத்தில கேக்கும்.

ஆடாசிட்டி எண்ட ஒலி வெட்டுற மென்பொருளில செய்யிற விதம்:

நல்லா வெடிக்கிற ஒரு டிரம் அடியைச் சுற்று 1இல தேடி, அலைவடிவத்தைச் சாம்பிள் (அலையின்ர தனித்தனிப் புள்ளி) தெரியிற அளவுக்குப் பெருப்பிச்சு, அடி எழும்புற இடத்தில லேபிள் போடுங்கோ. சுற்று 2இல அதே அடிக்கும் அதேமாதிரி. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம்தான் சுற்றின் நீளம். அது சரியோ எண்டு பாக்க, தடத்தைப் பிரதி எடுத்து, அந்த நீளம் அளவு நகர்த்தி, பிரதியைத் தலைகீழாக்கி இரண்டையும் ஒண்டா ஓடவிடுங்கோ. சுற்றுகள் ஒண்டின்மேல ஒண்டு விழுற பகுதியில மௌனம் வந்தா அளவு சரி. குழாய்க்குள்ள இருந்து கதைக்கிற மாதிரி வந்தா சில சாம்பிள் பிசகியிருக்கு. சிடியில செக்கனுக்கு 44,100 சாம்பிள், அதில ஒரு சாம்பிள் எண்டது 0.023 மில்லிசெக்கன், அவ்வளவு பிசகே போதும்.

அளவு சரியெண்டா எங்க வெட்டினாலும் ஒண்டுதான், ஆனா டிரம் அடிக்குச் சற்று முன்னால வெட்டுறது நல்லம். அடி மூட்டை மறைச்சிடும். Z விசையை அழுத்தினா தெரிவு பூச்சியக் கடவைக்கு (அலை பூச்சியத்தைக் கடக்கிற இடத்துக்கு) ஒட்டும், "டிக்" சத்தம் வராது.

மின்விசிறி | தெகிவளை | இரவு 9.52

முறை நல்லம், ஒரு திருத்தத்தோட. மௌனப் பரிசோதனை எல்லா அல்பத்துக்கும் சரிவராது.

சூப்பர் ஃபாமிகொம் என்ற பழைய கேம் பெட்டியின் சிப் 32,000 ஹேர்ட்ஸில் வேலை செய்கிறது, சிடி 44,100. மாற்றும்போது சுற்றின் நீளம் முழு எண் சாம்பிளாக வராமல் போகலாம். அதனால் அந்தப் பெட்டிக்கு வந்த குரோனோ டிரிகர் (1995) மாதிரிக் கேம்களின் அல்பங்களில் எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் கொஞ்சம் மிச்சச் சத்தம் கேட்கும். எதிரொலி, வைப்ரேட்டோ இரண்டும் சுற்றோடு சேர்ந்து ஆரம்பிக்காமல் தன்பாட்டில் ஓடுவதும் இன்னொரு காரணம். வெட்டு பிழை என்று நினைத்து மணிக்கணக்கில் மாரடிக்க வேண்டாம். 5 முதல் 10 மில்லிசெக்கன் கிராஸ்ஃபேட் (ஒன்று அணைய மற்றது எழும்புவது) போட்டால் காதுக்குத் தெரியாது. அதற்கு மேல் போனால் டிரம் இரட்டையாகக் கேட்கும்.

எம்பி3இல் இந்தப் பரிசோதனை செய்யவே வேண்டாம். இரண்டு சுற்றையும் என்கோடர் வேறு வேறு மாதிரிச் சுருக்கியிருக்கும், சரியான அளவிலும் இரைச்சல் மிஞ்சும். வெட்டிவிட்டு திரும்ப எம்பி3 ஆக்கினால் இரண்டாம் தடவை நசியும். தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக்கில் வெட்டுங்கள், ஃபிளாக்கிலேயே சேமியுங்கள்.

எட்டுத்தடம் | வெள்ளவத்தை | இரவு 10.10

மன்னிக்க வேணும் தங்கச்சி. மூட்டு தப்புகிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அணையும் பகுதி மூட்டு முடிந்த கையோடு தொடங்கினால், வழுக்கி விழுந்த உடனே ஆள் மயங்கின மாதிரித்தான். குறைந்தது 4 பாராவது முழுச் சத்தத்தில் ஓடிய பிறகு அணைய வேணும். பல அல்பத்தில் அந்த 4 பார் கிடையாது.

அதை விடுங்கள், உங்கள் அடிப்படை வாதத்துக்கு வருகிறேன். கேமில் உள்ளதுதான் அசல், அல்பம் வெறும் பிரதி என்ற நினைப்பு அதில் ஒளிந்திருக்கிறது. குரோனோ டிரிகரையே எடுங்கள். அந்தச் சிப்பில் மொத்தம் 8 குரல், அதாவது ஒரே நேரத்தில் 8 ஒலிதான். இசையும் வாள் சத்தமும் அதே 8ஐத்தான் பங்குபோட வேணும். சண்டையில் ஒரு மாயவித்தை விட்டால் அந்தச் சத்தம் ஒரு குரலைப் பறிக்கும், அந்த நேரம் புல்லாங்குழலோ இரண்டாம் வயலினோ காணாமல் போகும். அதன் இசையமைப்பாளர் மிட்சுடா யசுனோரி எழுதிய 8 குரலையும் இடையில் ஒன்றும் பறிபோகாமல் கேட்க முடிவது அல்பத்தில்தான்.

மின்விசிறி | தெகிவளை | இரவு 10.24

இதை நான் வழிமொழிகிறேன், ஒரு கணக்கோடு. அந்தச் சிப்புக்கு 64 கிலோபைட் நினைவகம். 16 சாம்பிளை 9 பைட்டாகச் சுருக்குகிறது. முழு வேகத்தில் ஒரு செக்கன் சத்தத்துக்கு 18,000 பைட். மொத்த நினைவகத்தையும் கொடுத்தாலும் மூன்றரைச் செக்கன் சொச்சம்தான். அதற்குள்தான் எல்லா வாத்தியமும், இசைக்குறிப்பும், ஓட்டும் நிரலும், எதிரொலிக்கான இடமும். எதிரொலி 16 மில்லிசெக்கனுக்கு 2 கிலோபைட் தின்னும். ஆகவே வயலின் என்று கேட்பது ஒரு செக்கனுக்கும் குறைந்த ஒரு துண்டு, சுழன்று சுழன்று நீளுகிறது. சுற்றுக்குள் சுற்று.

ஃபைனல் ஃபேன்டசி 7 வந்த பிளேஸ்டேஷனில் 24 குரல், 512 கிலோபைட். அதே கணக்குப் போட்டால் 20 செக்கன் வரும். ஃபைனல் ஃபேன்டசி 7இன் கடைசிச் சண்டையில் பாடகர் குழு வருவது அதனால்தான் சாத்தியமானது. அது வட்டில் இருந்து ஓடும் ஒலிப்பதிவு என்று இன்னும் சிலர் எழுதுகிறார்கள், பிழை. மனிதக் குரலைத் துண்டு துண்டாகச் சாம்பிளாக்கி, வாத்தியங்களோடு சேர்த்து சிப்தான் வாசிக்கிறது.

பஸ்100 | பம்பலப்பிட்டி | இரவு 10.31

பெரியாக்கள் சண்டையில நடுவில வாறதுக்கு மன்னிக்கவும். காலி வீதியில பஸ்ஸுக்குள்ள ஊர்த் தடம் ஒண்டும் கேக்காது, சத்தத்தைக் கூட்டினா அடுத்த சண்டைத் தடம் காதைப் பிய்க்குது. இதுக்கு என்ன செய்யிறது? மற்றது, அந்த 4 வட்டு அல்பத்தைப் போனில போட்டா முதல் தடம் நாலு வருது, பிறகு இரண்டாம் தடம் நாலு.

மின்விசிறி | தெகிவளை | இரவு 10.45

பின்னதுக்கு முதலில்: டேக்கில் (கோப்புக்குள் இருக்கும் தடத்தின் விபரத்தில்) வட்டு இலக்கம் இல்லை. நான்கு வட்டுக்கும் அல்பப் பெயர் ஒன்றாக இருக்க, வட்டு இலக்கத்தை 1/4, 2/4 என்று போடுங்கள். அல்பப் பெயரின் பின்னால் "டிஸ்க் 1" என்று சேர்த்து எழுத வேண்டாம், அது நான்கு அல்பமாகப் பிரிந்துவிடும். தலைப்புகள் பெட்டி பெட்டியாக அல்லது கோணல் எழுத்தாகத் தெரிந்தால், பழைய ஜப்பானிய எழுத்துக் குறிமுறையில் டேக் எழுதப்பட்டிருக்கிறது. யூனிகோடுக்கு மாற்றினால் சரி.

சத்தத்துக்கு, உரப்பை அளந்து சரிப்படுத்தும் ரீப்ளேகெயின். அதில் இரண்டு வகை. தட அளவு எல்லாத் தடத்தையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவரும். அல்ப அளவு முழு அல்பத்தையும் ஒன்றாகக் கூட்டிக் குறைக்கும், தடங்களுக்கிடையே உள்ள ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும். பஸ்ஸில் தட அளவு, வீட்டில் அல்ப அளவு. ஃபூபார்2000 என்ற பிளேயரில் நான்கு வட்டையும் ஒன்றாகத் தெரிவு செய்து ஒரே அல்பமாக ஸ்கான் பண்ணுங்கள். வட்டு வட்டாகப் பண்ணினால் ஒவ்வொன்றும் வேறு அளவில் வந்து, கடைசி வட்டின் பெரிய சண்டை முதல் வட்டின் ஊரைவிட மெல்லக் கேட்கவும் கூடும்.

ஸ்பொட்டிஃபை பாவித்தால், அல்பத்தை ஒழுங்காக ஓடவிடும்போது அல்ப அளவையும், ஷஃபிளிலோ பிளேலிஸ்டிலோ தட அளவையும் அதுவே எடுத்துக்கொள்ளும். 320 கிலோபிட்டில் மணித்தியாலத்துக்கு 144 மெகாபைட், இந்த அல்பம் முழுசுக்கும் ஏறத்தாழ 650. டேட்டா கார்ட் போடுகிறவர்கள் வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டுத்தடம் | வெள்ளவத்தை | இரவு 10.58

தட அளவு என்பது சோற்றையும் பாயாசத்தையும் ஒரே உப்பில் ஆக்குவது. சத்திரத்தில் தூங்கும் தடம் போர்முரசு அளவுக்கு ஒலித்தால் அதற்குப் பெயர் வேறு. பஸ்ஸுக்குச் செவிக்குழாயை அடைக்கிற இயர்போன் வாங்குங்கள். வெளிச்சத்தம் குறைந்தால் அல்ப அளவே காணும். ஃபோம் முனை நல்லாய் அடைக்கும், ஆனால் கொழும்பு வியர்வைக்கு ஊறி இறுகிப்போகும். சிலிக்கன் முனையில் சரியான அளவு தேடிப் போடுவது மேல்.

கத்தரிக்கோல் | கொட்டாஞ்சேனை | இரவு 11.15

உப்பு உவமையை ஒத்துக்கொள்ளுறன். சண்டை மற்றதில தொடருது.

அல்பம்தான் முழுமை எண்டா நியர்: ஆட்டோமேட்டா (2017) கேமை என்ன செய்யிறது? இசையமைப்பாளர் ஒகாபே கெய்ச்சி குழு அதில ஒரே இசையை அமைதி, நடுத்தரம், வேகம் எண்டு அடுக்கடுக்காச் செய்து வச்சிருக்கு, அதுக்கு மேல பாட்டுக்குரல். நீங்கள் நிண்டா ஒண்டு, ஓடிச் சண்டைபிடிச்சா மற்றது, ஹாக் பண்ணேக்க 8 பிட் ரூபம். எல்லாம் ஒரே தாளத்தில ஓடுறதால இசை அறுபடாமல் ஒண்டில இருந்து மற்றதுக்கு வழுக்கும். அல்பத்தில 3 வட்டு இருந்தும் அந்த வழுக்கல் இல்லை. அங்க இரண்டாவது சுற்றுக்கு நிஜமாவே வேலை இருந்திருக்கும்: முதல் சுற்று அமைதி, இரண்டாவது வேகம் எண்டு விட்டிருந்தா நான் கத்தரியைத் தொட்டிருக்க மாட்டன். அதுதான் சங்கதி.

2025இல வந்த எக்ஸ்பெடிஷன் 33 கேமின்ர அல்பத்துக்கும் பதில் சொல்லுங்கோ. 154 தடம், 8 மணித்தியாலத்துக்கு மேல். கோட்டையில யாழ்தேவி ஏறினா, ரயில் பிந்தாட்டி, யாழ்ப்பாணத்தில இறங்கின பிறகும் இசை மிச்சமிருக்கும். அதையும் ஒழுங்கா, ஒரு தடமும் விடாமலோ?

எட்டுத்தடம் | வெள்ளவத்தை | இரவு 11.34

ஒரே இருப்பில் என்று நான் எங்கே சொன்னேன்? வட்டு என்ற அலகு எதற்கு இருக்கிறது? ஒரு சிடியில் அதிகபட்சம் 74 முதல் 80 நிமிடம். அடுக்குகிறவர்கள் அந்த எல்லைக்குள் ஒரு கட்டம் தொடங்கி முடியும்படி பார்ப்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு வட்டு. டிஜிட்டலில் மட்டும் வந்த நீள அல்பத்துக்கும் அதே அளவில் கோடு கிழித்துக்கொள்ளலாம். ஸ்கைரிம் (2011) கேம் அல்பத்தின் நான்காவது வட்டு முழுக்க ஒரே தடம், 42 நிமிடம், சுற்றே இல்லாத சூழலிசை. அதில் உங்கள் கத்தரிக்கு என்ன வேலை?

நியர் விசயத்தில் பதில் இல்லை. அந்த வழுக்கல் அல்பத்தில் இல்லாதது குறைதான்.

கத்தரிக்கோல் | கொட்டாஞ்சேனை | இரவு 11.41

ஸ்கைரிமில கத்தரி பெட்டிக்குள்ள. உங்கட 4 பார் கணக்கையும் எடுத்துக்கொள்ளுறன்: அணையிற பகுதி அதைவிடக் குறுகலா இருந்தா, சுற்று 2இன் முதல் 4 பாரை முழுச் சத்தத்தில விட்டு, அதுக்கு அடுத்த 10 செக்கனில நானே ஃபேட் (சத்தம் அணைதல்) போட்டு, மிச்சத்தை வெட்டுறன். நேர்கோட்டு ஃபேட் கடைசியில திடீரெண்டு செத்த மாதிரிக் கேக்கும், வளைகோட்டு ஃபேட்தான் பாவிக்க வேணும்.

பஸ்100 | பம்பலப்பிட்டி | இரவு 11.50

வட்டு இலக்கம் போட்டாச்சு, ஒழுங்கா வருது. ஆனா மூன்றாவது வட்டு மட்டும் தனி அல்பமா நிக்குது.

மின்விசிறி | தெகிவளை | இரவு 11.53

அந்த வட்டின் அல்பப் பெயருக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் இருக்கும், அழியுங்கள். இல்லாவிட்டால் அல்பக் கலைஞர் என்ற டேக் அதில் மட்டும் வேறாக இருக்கும்.