பெரிய பசங்களுக்கு கத்தோலிக்க ஸ்கூல், ஜெபம் சொல்ல வைக்கிறதைத் தாண்டி என்ன நோக்கம்?

மழைக்குருவி:
வணக்கம். பொண்ணு பத்தாவது முடிச்சிட்டா, அடுத்த ரெண்டு வருஷத்துக்கு சிஸ்டர்ஸ் நடத்துற ஸ்கூல்ல சேர்க்கலாமான்னு வீட்ல ஒரே பேச்சு. நாங்க கத்தோலிக்கர்தான், ஆனா வாராவாரம் பூசைக்குப் போறோம்னு சொன்னா பொய். சின்னப் பசங்களுக்கு சரி, ஜெபம், ஒழுக்கம், வரிசையில நிக்கிறது எல்லாம் புரியுது. பதினாறு பதினேழு வயசுப் பிள்ளைக்கு இவங்க என்ன குடுக்கணும்னு நினைக்கிறாங்க? அவளே நேத்து கேட்டா, "அம்மா, எனக்கு நம்பிக்கை இல்லைன்னு அங்க போய் சொன்னா என்னை என்ன பண்ணுவாங்க?" எனக்கு பதில் தெரியல.

சாக்பீஸ்தூள்:
மேடம், நான் இந்த மாதிரி ஒரு ஸ்கூல்ல பெரிய கிளாஸுக்கு மத பாடம் எடுக்கிறேன், பதினாலு வருஷமாச்சு. உங்க பொண்ணு கேட்டதுதான் சரியான கேள்வி. 1988ல வத்திக்கான்ல கத்தோலிக்க ஸ்கூல்களைப் பாத்துக்கிற கல்விப் பேராயம் ஒரு ஏடு வெளியிட்டுச்சு, அதுல ஸ்கூல்ல நடக்கிற மத பாடம் வேற, பங்குக் கோயில்ல விசுவாசத்தை வளர்க்கக் குடுக்கிற ஞானோபதேசம் வேறன்னு தெளிவா பிரிச்சிருக்காங்க. பாடம்ங்கிறது தெரிஞ்சுக்கிறதுக்கு, அதுக்குத்தான் மார்க், நம்புறதுக்கு மார்க் கிடையாது. பிள்ளையோட மனசாட்சியையும் மத சுதந்திரத்தையும் மதிக்கணும்னும் அதே ஏட்டுல இருக்கு. எல்லா ஸ்கூலும் அப்படி நடக்குதான்னு கேக்காதீங்க, நடக்கல.

என் கிளாஸ்ல பழைய ஷூ டப்பா ஒண்ணு வெச்சிருக்கேன், பேர் எழுதாம கேள்வி போடலாம். முதல் வருஷம் கலிலேயோ, டைனோசர், அப்புறம் ஃபாதர்ஸ் ஏன் கல்யாணம் பண்ணிக்கிறதில்லன்னு, இதேதான் வந்துட்டு இருந்துச்சு. ஒரு தடவை கசங்கின சீட்டு ஒண்ணு, "பூசையில எழுந்து நிக்காதது நான்தான் சார். அப்பா செத்ததுல இருந்து முடியல." அன்னிக்கு பாடம் எடுக்கல, பைபிள்ல யோபு புத்தகத்தைத் திறந்து, கஷ்டத்துல யோபு கடவுள்கிட்ட சண்டை போடுற இடத்தை மட்டும் வாசிச்சேன். யாரு எழுதினதுன்னு இன்னி வரைக்கும் தெரியாது.

கடைசிபெஞ்ச்:
சார் சொல்றது கேக்க நல்லா இருக்கு, நான் படிச்ச இடத்துல டப்பாவும் இல்ல ஒண்ணும் இல்ல. சேவைன்னு ஒரு நோட்டு குடுத்தாங்க, வருஷத்துக்கு 20 மணி நேரம், எங்க போனாலும் சைன் வாங்கிட்டு வந்தா போதும், பாதிப் பேர் சொந்தக்காரங்ககிட்ட வாங்கினோம். வாசல்ல தொங்கின பேனர்ல ஃபர்ஸ்ட் மார்க் வாங்கினவங்க மூஞ்சிதான். 1973ல ஸ்பெயின்ல வாலென்சியாவில, ஸ்கூல், காலேஜ் நடத்துற கத்தோலிக்கத் துறவற சபையான இயேசு சபையோட தலைவர் பெத்ரோ அருப்பே, அவங்ககிட்ட படிச்ச பழைய மாணவர்கள் முன்னாடியே கேட்டாரு, உங்களை நீதிக்காக வாழ நாங்க பழக்கினோமான்னு, நேர்மையா பார்த்தா இல்லன்னுதான் சொல்லணும்னு அவரே ஒத்துக்கிட்டாரு. சபைத் தலைவரே அப்படி சொல்லியிருக்காரு, நீங்க அட்மிஷன் புக்லெட்டை நம்பாதீங்க அக்கா.

நீலக்குடை:
ப்ரோ நோட்டு விஷயம் உண்மை, எனக்கும் அதே நோட்டுதான். நான் கத்தோலிக்கர் இல்ல, பூசை நேரத்துல எங்களுக்கு நன்னெறி கிளாஸ். ஆனா நோட்டு சைனுக்காக ஒரு முதியோர் இல்லத்துக்குப் போயி முதல் நாளே ஒரு தாத்தாவுக்கு நகம் வெட்டி விடச் சொன்னாங்க, கால் நகம், கல்லு மாதிரி, சுடுதண்ணியில அரை மணி நேரம் ஊற வெச்சேன். அவர் ஒரு வார்த்தை பேசல. மூணாவது வாரம் நான் லேட்டா போனேன், அவரே பக்கெட்டை வெச்சிட்டு காத்திருந்தாரு. 20 மணி முடிஞ்ச பிறகும் போனேன், ஏன்னு சொல்லத் தெரியல.

இன்னொண்ணு, மத்தியானம் சாப்பிட்டதும் அஞ்சு நிமிஷம் கண்ணை மூடி காலையில இருந்து என்ன நடந்துச்சு, யார்கிட்ட எப்படி பேசினோம்னு நினைச்சுப் பாக்கச் சொல்வாங்க. இது இயேசு சபையை ஆரம்பிச்ச இஞ்ஞாசியாரோட ஆன்ம பரிசோதனைன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. அப்போ தூங்குறதுக்குத்தான் யூஸ் பண்ணோம், இப்போ ஆபீஸ்ல தினமும் பண்றேன்.

சாக்பீஸ்தூள்:
கடைசிபெஞ்ச் தம்பி, கோவம் நியாயம்தான். ஆனா மார்க்கையே தப்புன்னு சொல்லிடாதீங்க, சுத்து வட்டாரத்து மத்த ஸ்கூலுக்குக் குறையாத தரம் இருக்கணும்னு 1983 திருச்சபைச் சட்டமே சொல்லுது. படிப்பைக் கோட்டை விட்டுட்டு பக்தி மட்டும் வளர்த்தா அதுவும் ஏமாத்துதான். மழைக்குருவி மேடம், ஓப்பன் டே அன்னிக்குப் போகாதீங்க, சாதாரண நாள்ல இன்டர்வெல் நேரம் போங்க. ஆயாம்மாகிட்டயும் வாட்ச்மேன்கிட்டயும் பசங்க எப்படி பேசுறாங்கன்னு காது குடுத்து கேளுங்க. அப்புறம் பொண்ணையே அந்தக் கேள்வியை சிஸ்டர்கிட்ட நேரா கேக்கச் சொல்லுங்க, நீங்க நடுவுல பேசாதீங்க.

மழைக்குருவி:
எல்லாருக்கும் நன்றி. அவகிட்ட ஃபோனைக் குடுத்து எல்லாத்தையும் படிக்க வெச்சேன். நகம் வெட்டின கதையில கொஞ்ச நேரம் பேசாம இருந்தா, அப்புறம் "அந்த ஷூ டப்பா இந்த ஸ்கூல்ல இருக்கான்னு மொதல்ல கேளு, இல்லாட்டி நானே ஒண்ணு கொண்டு போய் வெக்கலாமான்னு கேக்குறேன்"ங்கிறா. வியாழக்கிழமை இன்டர்வெல் டைமுக்கு போறோம்.