கண்காணிப்பு பாட் போட்டி: கத்துவது சுலபம், சும்மா இருப்பதுதான் கஷ்டம்

பிளாக்செயின் பாதுகாப்புக்கான கண்காணிப்பு பாட் (தானாக ஓடி, ஆபத்தைக் கண்டால் எச்சரிக்கும் நிரல்) எழுதும் போட்டிகளில் கலந்துகொண்டவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். அனுபவத்தைச் சொன்னால் அடுத்த சுற்றுக்குப் போகிறவர்களுக்கு உதவும். முதலில் நானே ஆரம்பிக்கிறேன்.

வேலை என்னவோ பார்க்க எளிதுதான். பிளாக்செயினில் நடக்கும் ஒவ்வொரு பரிவர்த்தனையும் நம் நிரலின் ஒரு ஃபங்ஷனுக்குள் வரும். சந்தேகம் இருந்தால் அலர்ட், இல்லாவிட்டால் காலிப் பட்டியல். இத்தகைய பாட்களை ஓட்டும் ஃபோர்டா வலைப்பின்னலுக்கு பாட் எழுதியவர்களுக்கு இந்த அமைப்பு பழகியதுதான்: டைப்ஸ்கிரிப்டிலோ பைத்தானிலோ எழுதி, எங்கும் ஓடக்கூடிய பொட்டலமாக, அதாவது டாக்கர் இமேஜாகக் கட்டிக் கொடுத்துவிடலாம்.

நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, நிர்வாக வாக்கெடுப்பை (ஒரு நெறிமுறையின் மாற்றங்களுக்கு அதன் டோக்கன் வைத்திருப்பவர்கள் வாக்களிப்பதை) கைப்பற்றும் தாக்குதல். 2022 ஏப்ரல் 17-இல் பீன்ஸ்டாக் என்ற கிரிப்டோ நெறிமுறையில் நடந்தது நினைவிருக்கும். தாக்கியவர் முந்தின நாளே இரண்டு முன்மொழிவுகளைப் போட்டுவைத்தார். அதில் ஒன்று உக்ரைனுக்கு நன்கொடை தருவதாக இருந்தது (என்ன ஒரு நல்ல மனசு!). ஒரு நாள் காத்திருப்பு முடிந்ததும், ஆவே முதலிய கிரிப்டோ தளங்களிலிருந்து நூறு கோடி டாலர் அளவுக்கு ஃபிளாஷ் லோன் (அதே பரிவர்த்தனைக்குள் திருப்பித் தர வேண்டிய, ஈடில்லாத கடன்) எடுத்து, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்குபலம் சேர்த்து, அவசர ஒப்புதல் ஃபங்ஷனை அழைத்து, பணத்தை எடுத்து, கடனையும் அடைத்துவிட்டார். கடன் வாங்கியது முதல் அடைத்தது வரை எல்லாம் ஒரே பரிவர்த்தனையில். சேதம் சுமார் 18 கோடி டாலர்.

ஃபிளாஷ் லோனும் வாக்களிப்பும் ஒரே பரிவர்த்தனையில் வந்தால் அலர்ட் என்று எழுதுவது அரை நாள் வேலை. பொய் அலர்ட்டும் வராது. ஆனால் அது சாவுச் செய்தி சொல்லும் தந்தி மாதிரி. கையில் வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். அதனால் நான் முந்தின நாளைப் பிடிக்கலாம் என்று இறங்கினேன். முன்மொழிவு எந்த முகவரியைச் சுட்டுகிறது, அங்கே கான்ட்ராக்ட் (பிளாக்செயினில் தானாக ஓடும் நிரல்) இருக்கிறதா, மூலநிரல் வெளியிடப்பட்டிருக்கிறதா, முன்மொழிந்தவரின் வாலட் எப்போது பிறந்தது, அதற்கு முதல் ஈத்தர் (எத்தீரியம் பிளாக்செயினின் நாணயம்) எங்கிருந்து வந்தது.

இங்கேதான் நேரமெல்லாம் போனது. நேர்மையான மேம்படுத்தல் முன்மொழிவும் நேற்றுப் பிறந்த கான்ட்ராக்டைத்தான் சுட்டும். காசின் தடத்தை மறைக்கும் டொர்னாடோ கேஷிலிருந்து காசு வந்தவர் எல்லாரும் திருடர் இல்லை, அந்தரங்கம் வேண்டும் என்பதற்காகப் பயன்படுத்தியவர்கள் ஏராளம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு அடையாளமும் வெறும் சத்தம். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை வைத்து, கூட்டுத்தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டும் அலர்ட் என்று மாற்றினேன். நடுவர்கள் பழைய பிளாக்குகளை (பரிவர்த்தனைத் தொகுப்புகளை) ஓடவிட்டுப் பார்த்தபோது என் பாட் பெரும்பாலும் வாயே திறக்கவில்லை. பரிசு வேறொருவருக்குப் போனது. அவருடையது என்னுடையதைவிட இன்னும் அமைதியான பாட்.

*

நல்ல இழை. நான் பிரிட்ஜ் (ஒரு பிளாக்செயினிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்றும் பாலம்) பக்கம் போனவன்.

ரோனின் பிரிட்ஜில் 2022 மார்ச் 23 அன்று 1,73,600 ஈத்தரும் 2.55 கோடி யுஎஸ்டிசியும் (டாலர் மதிப்புள்ள டோக்கன்) இரண்டே பரிவர்த்தனையில் வெளியேறின. பணம் வெளியேறக் கையெழுத்திட்டு ஒப்புதல் தரும் ஒன்பது வேலிடேட்டர்களில் ஐந்தின் சாவி தாக்கியவர்களிடம் இருந்ததால் கையெழுத்தெல்லாம் முறைப்படி சரி. விஷயம் வெளியே வந்தது மார்ச் 29-இல், அதுவும் ஒரு பயனர் 5,000 ஈத்தரை எடுக்க முடியவில்லை என்று சொன்ன பிறகு. ஆறு நாள்! பிரிட்ஜின் இருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் இருபது வரி பாட் ஒன்று அங்கே ஓடியிருந்தால் முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும். இதற்கு மெஷின் லேர்னிங் எல்லாம் வேண்டாம்.

ஆகவே எளிய பாட்டை ஏளனமாகப் பார்க்காதீர்கள். நான் எழுதியதும் அதுதான்: ஒரு மணி நேரத்தில் இருப்பு இத்தனை சதவீதம் குறைந்தால் அலர்ட். நிலையான தொகையை வரம்பாக வைத்தால் சின்ன பிரிட்ஜுக்கு ஒருபோதும் அடிக்காது, பெரிய பிரிட்ஜுக்கு ஓயாமல் அடிக்கும். சதவீதம்தான் சரி.

எண்கள் பற்றி ஒரு வார்த்தை. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 9,00,71,99,25,47,40,991 வரைதான் முழு எண்களைப் பிசகாமல் வைத்திருக்கும். ஒரு ஈத்தர் என்பது ஒன்றுக்குப் பின் பதினெட்டு சுழியம் போட்ட வெய் (ஈத்தரின் மிகச் சிறிய அலகு). அதாவது 0.01 ஈத்தரே அந்த எல்லையைத் தாண்டிவிடும். பெரிய முழு எண்களுக்கான பிக்இன்ட் வகை இல்லாமல் தொடவே வேண்டாம். யுஎஸ்டிசிக்கு ஆறு தசம இடம், டாய் என்ற டோக்கனுக்கு பதினெட்டு என்பதையும் கான்ட்ராக்டையே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கையால் எழுதிவைக்காதீர்கள்.

*

ஐஸ் பிஷிங்கைப் (டோக்கனை எடுக்கும் அனுமதியைப் பயனரிடம் ஏமாற்றி வாங்கும் மோசடி) பிடிக்கும் பாட் எழுதிய அனுபவம் என்னுடையது. 2021 டிசம்பரில் பேட்ஜர் டாவோ என்ற கிரிப்டோ தளம் தாக்கப்பட்டபோது கான்ட்ராக்டில் ஓட்டை எதுவும் இல்லை, இணையதளத்தில் நுழைத்த ஸ்கிரிப்ட்தான் பயனர்களிடம் அனுமதிக் கையெழுத்து வாங்கியது. சுமார் 12 கோடி டாலர் போனது. ஆக, பார்க்க வேண்டியது அப்ரூவல் (அனுமதி தரும்) நிகழ்வுகளை. சம்பந்தமில்லாத பல வாலட்டுகள் குறுகிய நேரத்தில் ஒரே முகவரிக்கு அனுமதி தருகின்றன, அந்த முகவரியோ கான்ட்ராக்ட் இல்லை, தனிநபர் வாலட். இதுதான் அடையாளம்.

தனிநபர் வாலட் என்று எப்படித் தெரியும்? அந்த முகவரியில் நிரல் காலியாக இருக்கிறதா என்று நோடிடம் (பிளாக்செயினின் நகலை வைத்திருக்கும் கணினியிடம்) கேட்பார்கள். எல்லாருடைய பாட்டிலும் இந்த ஒரு வரி இருக்கும். இரண்டு இடத்தில் இது காலை வாரும். கிரியேட்2 என்ற கட்டளை வழியாக முகவரியை முன்கூட்டியே கணக்கிட்டு, கான்ட்ராக்டைப் பிறகு நிறுவலாம். அதுவரை அதுவும் காலியாகத்தான் தெரியும். அடுத்தது, 2025 மே மாத எத்தீரியத்தின் பெக்ட்ரா மேம்படுத்தலுக்குப் பிறகு, அதில் வந்த இஐபி 7702 என்ற மாற்றத்தால் சாதாரண வாலட்டுக்கும் நிரல் இருக்கலாம். 0எக்ஸ்இஎஃப்0100 என்று தொடங்கும் 23 பைட் வந்தால் அது கான்ட்ராக்ட் அல்ல, இன்னொரு முகவரிக்குப் பொறுப்பை ஒப்படைத்திருக்கும் வாலட். பழைய போட்டி நிரல்களை அப்படியே எடுத்து ஓட்டுகிறவர்கள் இந்த வரியை முதலில் திருத்துங்கள்.

*

நான் போட்டியாளன் இல்லை, ஒரு சுற்றில் வந்த பாட்களை ஓட்டிப் பார்க்கும் வேலையில் இருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பாதிப் பேர் பழைய தாக்குதல் நடந்த பிளாக்கை நினைவில் வைத்தே எழுதுகிறார்கள். அந்த முகவரி, அந்தத் தொகை, அந்த வரிசை. அதற்கு முன்னும் பின்னும் உள்ள பிளாக்குகளில் ஓட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். 2023 மார்ச் 13-இல் ஆய்லர் என்ற கிரிப்டோ கடன் தளத்தில் நடந்த தாக்குதலை அச்சுப்பிசகாமல் பிடிக்கும் பாட், அதே ஓட்டை வேறு நெறிமுறையில் இருந்தால் கண்டுகொள்ளாது. கடன் வாங்கியவர் தன் ஈட்டைத் தானே தானம் செய்யும்போது அவர் கணக்கின் ஆரோக்கியத்தைச் சரிபார்க்காமல் விட்டதுதான் அங்கே மூல காரணம். "ஒரே பரிவர்த்தனையில் யாருடைய கணக்காவது வேண்டுமென்றே திவாலாகிறதா" என்று கேட்ட பாட்டுக்குத்தான் நான் மதிப்பெண் போட்டேன்.

அப்புறம், நினைவகம். கடந்த ஆயிரம் பிளாக்குகளின் தகவலை ஒரு மாறியில் வைத்துக்கொள்கிறார்கள். பாட் ஒருமுறை நின்று மீண்டும் தொடங்கினால் எல்லாம் போச்சு. எத்தீரியத்தில் பன்னிரண்டு வினாடிக்கு ஒரு பிளாக் வருகிறது. ஒரு பரிவர்த்தனைக்கு இருபது முறை நோடை அழைக்கும் பாட் பின்தங்கிக்கொண்டேதான் போகும். முதலில் நிகழ்வுப் பதிவுகளை வைத்து வடிகட்டுங்கள், மிஞ்சியவற்றுக்கு மட்டும் நோடை அழையுங்கள்.

தீவிரம் குறிப்பதில் மட்டும் எல்லாரும் தாராளப் பிரபுக்கள். வந்ததெல்லாம் "கிரிட்டிக்கல்". அலர்ட் போய்ச்சேரும் இடத்தில் கான்ட்ராக்டை நிறுத்திவைக்கும் அதிகாரமுள்ள ஒருவர் தூக்கத்திலிருந்து எழுந்து வருவார். மூன்று இரவு வீணாக எழுப்பினால் நான்காவது இரவு அலைபேசியை அணைத்துவிடுவார்.

*

இழையைத் தொடங்கியவன்தான் மறுபடியும். 7702 விஷயம் என் நிரலையும் தொடும், முன்மொழிந்தவர் வாலட்டா கான்ட்ராக்டா என்று அதே வரியைத்தான் நானும் வைத்திருக்கிறேன். நினைவகப் பிரச்சினைக்கு வெளியே ஒரு தரவுத்தளம் வைக்க விதிமுறை அனுமதித்ததா? எங்கள் போட்டியில் கூடாது என்றார்கள். தொடங்கும்போது பழைய பிளாக்குகளின் பதிவுகளை மறுபடி இழுத்து நிரப்பிக்கொள்வதுதான் எனக்குத் தெரிந்த வழி. வேறு ஏதாவது செய்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.