36 வயதில் பி.எட். கல்விக் கடன்: இணைக் கடனாளியாக யாரைப் போடுவது?

ஊர் பாம்பன், இரண்டு பிள்ளைகள். ராமநாதபுரத்தில் ரெகுலர் பி.எட். சீட் கிடைத்திருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு ஃபீஸ், பஸ் எல்லாம் சேர்த்து 1,40,000 ரூபாய்.

கல்விக் கடனுக்கான அரசு இணையதளமான வித்யாலட்சுமி போர்ட்டலில் விண்ணப்பித்து 5 வாரம் ஆச்சு. வங்கியில் முதலில் வயதைச் சொன்னார்கள், ஐ.பி.ஏ. (இந்திய வங்கிகள் சங்கம்) மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் வயது வரம்பே இல்லை என்று காட்டியதும் பேச்சு மாறியது. இப்போது வீட்டுக்காரரின் வருமானம் கேட்கிறார்கள். விசைப்படகில் பங்குக்குப் போகிறவருக்கு ஏது சம்பளச் சீட்டு? மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் பாஸ்புக்கில் வரவே இல்லை. போதாக்குறைக்கு ஒரு பழைய கடன் தவணை தவறி அவருடைய சிபில் (கடன் மதிப்பெண்) 612. தாசில்தார் வருமானச் சான்று கொடுத்தும் எடுபடவில்லை. 4 லட்சத்துக்குள் என்பதால் சொத்து ஜாமீன் கேட்கவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

கணவருக்குப் பதிலாக, பென்ஷன் வாங்கும் அப்பாவை இணைக் கடனாளியாகப் போட்டு, கல்யாணமான பிறகு கல்விக் கடன் வாங்கியவர்கள் என்னென்ன தாள் கொடுத்தீர்கள்?