“அவசரம் இல்லை, தள்ளிப்போடலாம்”: கொரோனா காலத்தில் உங்களுக்குச் சொன்னார்களா?

பழைய தபால்காரர்:

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்காரன் நான். 2019 டிசம்பரில் ஒருநாள் காலையில் சிறுநீர் முழுக்க ரத்தம். வலி துளிகூட இல்லை. வலி இல்லாததால் பத்து நாள் சும்மா இருந்தேன், அது என் தப்பு. ஜனவரியில் சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். வீரியம் கூடிய வகை, ஆனால் தசைக்குள் போகவில்லை என்று ரிப்போர்ட். அதனால் ஐந்தாவது வாரம் மறுபடி ஒருமுறை சுரண்டினார்கள். மார்ச்சில், கட்டி திரும்பி வராமல் இருக்கப் பி.சி.ஜி. மருந்து ஆரம்பம். வாரம் ஒன்று, மொத்தம் ஆறு. டியூப் வழியாக மருந்தை உள்ளே விட்டு, இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும்.

மூன்று போட்டு முடித்தேன். ஊரடங்கு வந்தது.

நான் போய்க்கொண்டிருந்த டே கேர் வார்டு ஒரே வாரத்தில் கொரோனா வார்டாக மாறிவிட்டது. போனில் ஒரு பெண் குரல்: “உங்களுடையது சின்ன ப்ரொசீஜர்தானே ஐயா, அவசரம் இல்லை, நாங்களே கூப்பிடுகிறோம்.” மீதி மூன்று மருந்தும் போயிற்று, மே மாதம் சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டிய ஸ்கோப்பும் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் வேறு, “உங்களுக்கென்ன, பி.சி.ஜி. போட்டவர், கொரோனா கிட்டவே வராது” என்று தைரியம் சொன்னார். குழந்தைகளுக்குப் போடும் அதே பி.சி.ஜி.தான், அது கொரோனாவைத் தடுக்குமா என்று அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. அவர் பார்க்கும்போதெல்லாம் நான் தலையாட்டி வைத்தேன்.

ஆகஸ்டில் ஸ்கோப் விட்டபோது திரையில் நானே பார்த்தேன். கடல்பாசி மாதிரி இரண்டு இடத்தில் ஆடிக்கொண்டிருந்தது. மறுபடி சுரண்டல், மறுபடி முதலிலிருந்து ஆறு பி.சி.ஜி. மார்ச்சில் நிற்காமல் போட்டிருந்தால் வந்திருக்காதா என்று கேட்டேன். “சொல்ல முடியாது” என்றார் டாக்டர். நேர்மையான பதில்தான். ஆனாலும் உறுத்துகிறது.

எங்களுக்கு அந்தச் “சின்ன ப்ரொசீஜர்”தானே வைத்தியமே? உங்களுக்கெல்லாம் என்ன நடந்தது?

இரண்டாவது மகள்:

அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய், பயாப்ஸியில் க்ளீசன் எட்டு, அதாவது வீரியம் கூடிய வகை. ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்து, ரத்து செய்து, அதற்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஹார்மோன் ஊசி ஆரம்பித்தார்கள். நோய் அடங்கியிருக்கும், பயப்படாதீர்கள் என்றார்கள். அப்படியே, நோயின் போக்கைக் காட்டும் பி.எஸ்.ஏ. என்ற ரத்த அளவு இறங்கியது. ஆனால் அப்பாவுக்குத் திடீர் திடீரென்று வியர்த்துக் கொட்டும், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு விசிறிக்கு நேரே உட்காருவார். பிறகு கதிர்வீச்சு கொடுத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். எங்கள் விஷயத்தில் தள்ளிப்போட்டதால் நஷ்டம் இல்லை என்றே நினைக்கிறேன்.

நான் சொல்ல வந்தது போன் கன்சல்டேஷன் பற்றி. அப்பாவுக்குக் காது மந்தம், அதனால் ஸ்பீக்கரில் போடுவோம். நான், அண்ணி, அம்மா எல்லாரும் சுற்றி. டாக்டர், “ராத்திரி எத்தனை தடவை எழுந்து போறீங்க? துணியில் கசிவு இருக்கா?” என்று கேட்பார். அப்பா, “எல்லாம் நல்லா இருக்கு டாக்டர்” என்பார். ஏழு மாதம் இதே பதில். ஒருநாள் நான் அவர் அறையில் படுக்க நேர்ந்தது. ஐந்து தடவை எழுந்தார். காலையில், “ஏம்ப்பா சொல்லலை?” என்றேன். “மருமக முன்னாடி எப்படிம்மா சொல்றது?” என்றார்.

அடுத்த போனுக்கு ஹெட்செட் வாங்கிக் கொடுத்துக் கதவைச் சாத்திவிட்டோம். இருபது நிமிஷம் பேசினார்.

இரவுப்பணி:

நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். தபால்காரர் ஐயா சொன்ன அந்தப் போன் குரல் மாதிரி நானும் பேசியிருக்கிறேன். தினமும் ஒரு பட்டியல் கொடுத்துக் கூப்பிடச் சொல்வார்கள்.

டே கேர் முதலில் மூடப்பட்டதற்கு ஒரு காரணம், அந்தக் கட்டில்கள் சாயங்காலம் காலியாகிவிடும். எடுத்துக்கொள்வது சுலபம். மயக்க மருந்து டாக்டர்களையும் வென்டிலேட்டர்களையும் ஐ.சி.யூ. இழுத்துக்கொண்டது. அதோடு உண்மையான பயமும் இருந்தது. ஆபரேஷன் சமயத்தில் கொரோனா தொற்றியிருந்த 1,128 பேரைப் பற்றி 24 நாடுகளிலிருந்து வந்த ஆய்வு 2020-இல் வெளியானது. 30 நாளுக்குள் இறந்தவர்கள் 23.8 சதவீதம். அவசர ஆபரேஷன்களும் சேர்ந்த கணக்குதான் அது, ஆனாலும் அதைப் படித்த பிறகு எந்த சர்ஜனுக்குக் கை வரும்?

ஐரோப்பிய யூராலஜி (சிறுநீர்ப் பாதை மருத்துவ) சங்கம் நோயாளிகளை நான்காகப் பிரித்தது. ஆறு மாதம் தள்ளலாம், மூன்று மாதம் தள்ளலாம், ஆறு வாரத்துக்கு மேல் கூடாது, உடனே செய். ஐயாவுடையது மாதிரி வீரியமான சிறுநீர்ப்பைக் கட்டிக்கு ஆறு மாதம் தள்ளுவது அதில் கிடையாது. ஆனால் பட்டியல் போடுகிற இடத்தில் “ஸ்கோப்” என்று மட்டும் எழுதியிருந்தால், ரிப்போர்ட்டைத் திறந்து பார்க்க யாருக்கு நேரம் இருந்தது? அங்கேதான் தவறினோம் என்பது என் எண்ணம்.

பிறகு முடிந்தவரை சமாளித்தோம். இரண்டு நாளைக்கு முன் சளிப் பரிசோதனை, தொண்டையில் குழாய் போட்டு மயக்கம் கொடுக்காமல் முதுகில் மரத்துப்போகும் ஊசி, காலையில் வந்து சாயங்காலம் யூரின் டியூபோடு வீட்டுக்கு. கூட ஆள் கிடையாது. வயதானவர்கள் டியூபைக் கையில் பிடித்துக்கொண்டு தனியாக வெளியே நடந்து போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஒன்று மட்டும். தள்ளி வைக்கிறோம் என்று சொன்னபோது திட்டியவர்கள் குறைவு. நிறையப் பேர் “ரொம்ப நன்றிம்மா” என்றார்கள், ஆஸ்பத்திரிக்கு வரவே பயந்து. அப்படிச் சொன்ன ஒருவர் சில மாதம் கழித்து நடுராத்திரி வந்தார், ரத்தக் கட்டி அடைத்து, சிறுநீர் போகாமல்.

நீச்சல்காரன்:

வயது 29. விதைப்பையில் கட்டி. என்னை யாரும் தள்ளிப்போடவில்லை, நானேதான் போட்டேன். வெட்கம், அதற்கு வசதியாகக் கொரோனா. “இப்போ போனா தொந்தரவு” என்று நான்கு மாதம். கடைசியில் போனில் சொன்னபோது அந்த டாக்டர் என்னை முடிக்கக்கூட விடவில்லை. மறுநாள் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும், அந்த வாரமே ஆபரேஷன், அன்றே வீடு. ஊரே மூடிக்கிடந்தபோதும் இதற்குக் கதவு திறந்துதான் இருந்திருக்கிறது. பிறகு கீமோ. அந்த நான்கு மாதம் இல்லாவிட்டால் கீமோவும் இல்லையோ என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை.

மாடிவீடு:

சிறுநீரகத்தில் 2.5 சென்டிமீட்டர் கட்டி. 2020-இல் தள்ளிப்போட்டார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், வளரவில்லை. இன்னும் கத்தி படவில்லை. கொரோனா வராமல் இருந்திருந்தால் வெட்டியிருப்பார்கள்!

பழைய தபால்காரர்:

இரவுப்பணி அம்மா, உங்கள்மேல் கோபம் இல்லை. அன்றைக்கு நானும் “நன்றிம்மா” என்றுதான் சொன்னேன். இப்போதுதான் ஞாபகம் வந்தது.

எனக்கு இப்போது வருஷத்துக்கு ஒரு ஸ்கோப். இந்த மாதத் தேதிக்கு நேற்று போன் வந்தது, மெஷின் சர்வீஸ், இரண்டு மாதம் தள்ளலாமா என்று. “என் ரிப்போர்ட்டைத் திறந்து முதல் வரியைப் படிம்மா, நான் லைனிலேயே இருக்கேன்” என்றேன். படித்தாள். அடுத்த வாரம் செவ்வாய், காலை எட்டு மணி.