வடக்கன்குளம் பங்கும் மாறிவந்த குருக்களும்: உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

நாகர்கோவிலிலிருந்து ஓர் உறுப்பினர்:

பூர்விகச் சொத்து தொடர்பாகக் கொள்ளுத்தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவு தேவைப்பட்டதால், என் தாய்வழி ஊரான வடக்கன்குளத்தின் பங்கு (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள கத்தோலிக்கச் சமூகம்) அலுவலகத்துக்குச் சென்றிருந்தேன். எழுத்தர் எடுத்து வைத்த பழைய பதிவேடு முழுவதும் லத்தீனில் இருந்தது. ஒன்று என்னும் இலக்கத்துக்கு முன்னால் நீண்ட சாய்கோடும், ஏழின் இடையில் ஒரு குறுக்குக்கோடும் இழுக்கப்பட்டிருந்தன. ஊர்ப்பெயர்களில் உகரம் வந்த இடங்களிலெல்லாம் பிரெஞ்சு வழக்கப்படி இரண்டு உயிரெழுத்துகள் போடப்பட்டிருந்தன. சில பக்கங்களுக்கு ஒருமுறை கையெழுத்து மாறியது. அங்கே பங்குச் சாமியார் மாறியிருக்கிறார் என்று பொருள். உடனிருந்து தேடித்தந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், “சாமியார் வருவாரு, போவாரு தம்பி. இன்னாருக்கு இன்னார் பிள்ளைன்னு அவருக்கு எப்படித் தெரியும்? உபதேசியார் சொல்லச் சொல்லத்தான் எழுதியிருப்பாரு” என்றார். உபதேசியார் என்றால் குருவுக்குத் துணையாக மக்களுக்கு மறைக்கல்வி சொல்லித்தரும் ஊழியர். ஆசிரியர் இதைச் சொன்ன பிறகுதான் அந்த ஏட்டை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன்.

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஓயாமல் வீசும் இந்த ஊர், திருவிதாங்கூர் மன்னரின் அதிகார எல்லைக்குச் சற்று வெளியே இருந்தது. அதனால்தான் அரண்மனைப் பணியிலிருந்த நீலகண்டன், டச்சுத் தளபதி டிலனாயிடம் கிறிஸ்தவத்தைப் பற்றி அறிந்துகொண்டபின், ஞானஸ்நானம் பெற இங்கே அனுப்பப்பட்டார். 1745 மே 14 அன்று, இத்தாலியச் சேசு சபைக் (இயேசு சபை) குருவான புட்டாரி அவருக்குத் தேவசகாயம் என்று பெயரிட்டார். ஏழாண்டுகளுக்குள், 1752 ஜனவரி 14 அன்று, காற்றாடிமலையில் தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதன்பின் வந்த காலத்தைப் பற்றித்தான் நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. 1759-இல் போர்ச்சுக்கல் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து சேசு சபையினரை வெளியேற்றியது. 1773-இல் திருத்தந்தை பதினான்காம் கிளமென்ட் அச்சபையையே கலைத்துவிட்டார். தென்னாட்டுப் பங்குகளுக்குக் கோவாவிலிருந்து குருக்கள் வந்தார்கள் என்றாலும், பரந்து கிடந்த கிராமங்களுக்கு அவர்களின் எண்ணிக்கை போதவில்லை. 1838 அளவில், மீண்டும் நிறுவப்பட்ட அச்சபையின் பிரெஞ்சுக் குருக்கள் மதுரை மிஷன் என்னும் தங்கள் பழைய மறைப்பணிக் களத்துக்குத் திரும்பிவரும் வரை, செபம் சொல்லிக்கொடுத்தும், சாகக் கிடந்தவர்களுக்குத் துணையிருந்தும், அவசர ஞானஸ்நானம் கொடுத்தும் விசுவாசத்தை அணையாமல் காத்தவர்கள் பெரும்பாலும் உபதேசியார்களே. பல பங்குகளில் குருக்களின் பெயர்களை ஆண்டுவாரியாகக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லில் உபதேசியார் ஒருவரின் பெயரைக்கூட நான் இதுவரை கண்டதில்லை.

சென்னையிலிருந்து ஓர் உறுப்பினர்:

மேலே எழுதியவர் 1838-ஓடு நிறுத்திக்கொண்டார். எனக்கு அந்த ஊர் அறிமுகமானது அதற்குப் பிந்தைய வரலாற்றின் வழியாகத்தான். வழக்கறிஞராகப் பதிவு செய்த புதிதில், என் மூத்த வழக்கறிஞர் மதமாற்றமும் சாதியும் தொடர்பான பழைய தீர்ப்புகளைத் தொகுக்கச் சொன்னார். அவற்றில் ஒன்று, 1917-ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்றுள்ள மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் ஆண்டகை (ஆயர்) வழக்கு. கத்தோலிக்கனாகப் பிறந்து வளர்ந்த எனக்கு, நம் கோயில் ஒன்றுக்குள் யார் எங்கே முழங்காலிடுவது என்பது சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது என்பதே அன்று தெரியாது.

வழக்கின் பின்னணி இதுதான். வடக்கன்குளத்தில் வெள்ளாளக் கத்தோலிக்கருக்கும் நாடார் கத்தோலிக்கருக்கும் நெடுங்காலமாகப் பூசல் இருந்துவந்தது. 1872-இல் எழுந்த திருக்குடும்ப ஆலயத்தைச் சேசு சபைக் குருக்கள் இரு நடுமண்டபங்களோடு கட்டினார்கள். கால்சட்டையின் இரு கால்களைப் போல விரியும் அந்த மண்டபங்கள் இரண்டுக்கும் பலிபீடம் ஒன்றே. ஆனால் இடையில் தடுப்பு. ஒரே பூசையில் ஒரே குருவைப் பார்த்து இரு தரப்பினரும் செபிக்கலாம், ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை. கட்டடக்கலையைக் கொண்டு சமாதானம் செய்துவிடலாம் என்று அவர்கள் நம்பினார்கள் போலும். என் பார்வையில் அது சமாதானமன்று. பிரிவினைக்குச் சுண்ணாம்பு பூசி நிலைபெறச் செய்த வேலை.

அதே சபையைச் சேர்ந்த கொசானல் அடிகளார் பங்குத்தந்தையாக இருந்தபோது, 1910-இல் அந்தத் தடுப்பு அகற்றப்பட்டது. கட்டியதும் இடித்ததும் ஒரே சபையினர். இடைப்பட்ட காலம் நாற்பது ஆண்டுகூட இல்லை. வெள்ளாளர் தரப்பு நீதிமன்றத்துக்குச் சென்று, கோயிலிலும் திருவிழாச் சடங்குகளிலும் தங்களுக்குத் தனியுரிமை உண்டென்றும், மற்றவர்களை அவற்றிலிருந்து விலக்கி வைக்க வேண்டுமென்றும் கோரியது. இது சாதி மேன்மைக்கான கோரிக்கையே அன்றி வேறில்லை என்று கண்ட உயர் நீதிமன்றம், கிறிஸ்தவத்தைத் தழுவியவர்கள் சாதியின் அடிப்படையில் ஆலயத்துக்குள் உரிமை கொண்டாட முடியாது என்று தள்ளிவிட்டது. தீர்ப்பைப் படித்த சில மாதங்களில் அந்த ஆலயத்தை நேரில் பார்க்கச் சென்றேன். பலிபீடத்தின் அருகே நின்று திரும்பிப் பார்த்தால் இரு மண்டபங்களும் இன்றும் தனித்தனியாக விரிந்து செல்வது தெரிகிறது. தடுப்பு போய்விட்டாலும் கட்டடத்தின் உருவத்தை யாராலும் மாற்ற முடியவில்லை. என்னை அழைத்துச் சென்ற இளம் குருவானவரிடம் அதைப் பற்றிக் கேட்டபோது, “இங்க மாற்றலாகி வர்ற ஒவ்வொருத்தரும் முதல் வாரத்துலயே இந்தக் கதையக் கேட்டுருவோம் சார், ரெண்டு விதமா” என்று சிரித்தார்.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மூத்த உறுப்பினர்:

அந்த இரண்டு விதமான கதைகளையும் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தவன் நான். வெள்ளைக்காரச் சாமியார்களின் காலத்தை நான் அறியேன். 1923-இல் தூத்துக்குடி மறைமாவட்டம் உருவாகி, திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை அதன் முதல் ஆயரான பிறகு, பங்குகள் படிப்படியாக நம் நாட்டுக் குருக்களின் பொறுப்புக்கு வந்துவிட்டன. நான் பீடச்சிறுவனாக (பூசையில் குருவுக்கு உதவும் சிறுவன்) இருந்தபோது பங்குத்தந்தையாக இருந்தவர், பூசையில் பொருள் தெரியாமல் நாங்கள் லத்தீனில் ஒப்பித்த மறுமொழிகளில் ஒரு சொல் பிசகினாலும், பூசை முடிந்ததும் காதைத் திருகுவார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு தமிழில் பூசை வந்து, அவர் முதல்முறையாகச் சனங்களை நோக்கி நின்று நிறைவேற்றிய அன்று, அவருடைய கைகள் நடுங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அத்தனை ஆண்டுகள் பீடத்தைப் பார்த்தே நின்று பழகியவருக்குச் சனங்களின் முகத்தைப் பார்ப்பது கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

இப்போது குருக்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிவிடுகிறார்கள். ஒருவர் தொடங்கிய அன்பியக் (அக்கம்பக்கக் குடும்பங்களின் சிறு செபக்குழு) கூட்டங்களை அடுத்தவர் விட்டுவிடுவதும், அவர் தொடங்கியதை அதற்கடுத்தவர் மாற்றுவதும் வழக்கமாகிவிட்டன என்று ஊரார் குறைப்படுகிறார்கள். ஆயினும், ஒரே குரு இருபது ஆண்டுகள் இருந்தால் ஊரில் ஒரு கட்சிக்குச் சொந்தமாகிவிடுவார் என்பதால் இந்த மாற்றலில் நன்மையே அதிகம் என்பது என் கருத்து.

2022 மே 15 அன்று ரோமில் தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டதை மகன் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருடைய பெயரோடு வழங்கிவந்த ‘பிள்ளை’ என்ற சாதிப் பட்டத்தை வத்திக்கான் அதற்கு முன்பே, 2020-இல், எதிர்ப்புகளைத் தொடர்ந்து நீக்கியிருந்தது. உடனிருந்த உறவினர் ஒருவர் அதற்கு வருத்தப்பட்டார். இன்னொருவர் முன்பே செய்திருக்க வேண்டும் என்றார். திருப்பலி முடியும் வரை இருவரும் ஒருவரோடொருவர் பேசவில்லை. மதியச் சாப்பாட்டின்போது விவாதம் மறுபடியும் தொடங்கிவிட்டது.