பிரஷர் இருக்கு, கருத்தடை மாத்திரையை நிறுத்தச் சொல்லிட்டாங்க. அடுத்து என்ன?

அக்கா, தங்கச்சி எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 34 வயசு, ரெண்டு குழந்தைங்க. ஒன்றரை வருஷமா தினமும் கருத்தடை மாத்திரை போட்டுட்டிருந்தேன். மெடிக்கல்ல கேட்டு வாங்கினது, அப்போ யாரும் பிரஷர் பார்க்கச் சொல்லலை. போன மாசம் தலைவலின்னு போனப்போ நர்ஸம்மா கையில பட்டையைச் சுத்தி மூணு தடவை பார்த்தாங்க. 152/96. மூணாவது தடவை அவங்க முகமே மாறிடுச்சு.

அந்த மாத்திரையில ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன் இருக்காம். அது சிலருக்கு பிரஷரை ஏத்தும், பக்கவாத அபாயமும் கூடும்னு டாக்டரம்மா உடனே நிறுத்திட்டாங்க. பிரஷருக்கு டெல்மிசார்ட்டன்னு ஒரு மாத்திரை கொடுத்திருக்காங்க. அதைச் சாப்பிடும்போது கர்ப்பமானா வயித்துல இருக்கிற குழந்தைக்கு ஆபத்து, அதனால கருத்தடையை விடவும் முடியாது. இப்போதைக்கு ஆணுறைதான்.

காப்பர் டி, இல்லைன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமா தர்ற சாயா மாத்திரை, ரெண்டுல ஒண்ணு யோசிக்கச் சொன்னாங்க. ரெண்டுலயும் ஈஸ்ட்ரோஜன் கிடையாது. சாயா முதல் 3 மாசம் வாரத்துக்கு ரெண்டு, அப்புறம் வாரம் ஒண்ணு. எனக்கு நாள் மறந்துடுமோன்னு பயம். காப்பர் டி-ன்னா அத்தை வேண்டவே வேண்டாங்கறாங்க, உதிரம் அதிகமாப் போகுமாம்.

பிரஷர் இருக்கிறவங்க யாராவது இதுல ஒண்ணு பயன்படுத்துறீங்களா? காப்பர் டி போட்டப்புறம் எத்தனை மாசத்துல உதிரப்போக்கு சரியாச்சு? மாத்திரையை நிறுத்தினதும் பிரஷர் தானா இறங்கினவங்க இருக்கீங்களா? தினமும் காலையில காபிக்கு முன்னாடி பார்த்து காலண்டர்ல எழுதிட்டு வர்றேன், இன்னைக்கு 138/88. செவ்வாய்க்கிழமை மறுபடியும் டாக்டரம்மாகிட்ட போறேன், அதுக்குள்ள சொன்னீங்கன்னா பெரிய உதவியா இருக்கும்.